பாகிஸ்தான் கோரிக்கை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அகில இந்திய முஸ்லிம் லீக் 1906இல் டாக்காவில் தொடங்கப்பட்ட நாள்முதல் தனிநாட்டையே குறிக்கோளாகக் கொண்டிருந்தது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பேசியதெல்லாம் இந்தியாவுக்குள்ளேயே கிடைக்க வேண்டிய பங்கைப் பற்றித்தான். முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதிகள் 1909இல் கிடைத்தன. 1916இல் லக்னோவில் காங்கிரஸும் லீகும் உடன்பாடு செய்துகொண்டபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அப்போது இரு கட்சிகளிலும் இருந்த முகமது அலி ஜின்னா.

கவிஞர் இக்பால் 1930இல் பாகிஸ்தானைக் கேட்டார் என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. அலகாபாத் உரையில் அவர் பஞ்சாப், வடமேற்கு எல்லை மாகாணம், சிந்து, பலுசிஸ்தான் நான்கும் ஒன்றுசேர வேண்டும் என்றார். அது பிரிட்டிஷ் பேரரசுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத் திறந்தே விட்டார். பாகிஸ்தான் திட்டம் தன்னுடையதல்ல என்று 1934இல் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் தாம்சனுக்குக் கடிதமும் எழுதினார். அந்தப் பெயரை 1933இல் துண்டறிக்கை வழியே பரப்பியவர் கேம்பிரிட்ஜில் இருந்த சௌத்ரி ரஹ்மத் அலி. அவர் வரைந்த நாட்டில் வங்காளமே இல்லை.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 1940 மார்ச் மாத லாகூர் தீர்மானம். ‘பாகிஸ்தான் தீர்மானம்’ என்று அழைக்கப்படும் அதில் பாகிஸ்தான் என்ற சொல் கிடையாது. பெயரை ஒட்டவைத்தவை நாளேடுகள். வங்காளத்தின் பிரதமராக இருந்த ஃபஸ்லுல் ஹக் முன்மொழிந்த அத்தீர்மானம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள வடமேற்கிலும் கிழக்கிலும் ‘சுதந்திர அரசுகள்’ அமையட்டும் என்றது. எல்லை எது, மத்திய அரசு உண்டா என்பவை சொல்லப்படவில்லை. இந்தத் தெளிவின்மை கவனக்குறைவா, பேரம் பேச வைத்துக்கொண்ட இடமா என்று வரலாற்றாய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஒரே நாடு என்று லீக் வரையறுத்தது 1946 ஏப்ரலில், வங்காள லீக் தலைவர்களில் ஒருவரான சுஹ்ரவர்தி முன்மொழிந்த டெல்லி தீர்மானத்தில்தான். பின்னர் பாகிஸ்தானின் பகுதியான கிழக்கு வங்காளம் ‘அரசுகள்’ என்ற அந்தப் பன்மையை மறக்கவில்லை: அதன் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் 1966இல் வைத்த ஆறு அம்சக் கோரிக்கையின் முதல் அம்சமே லாகூர் தீர்மானத்தை அடிப்படையாகக் காட்டியது.

‘முஸ்லிம்கள் எல்லோரும் தனிநாடு கேட்டார்கள்’ என்பது இன்னொரு நம்பிக்கை. 1937 தேர்தலில் லீகுக்குக் கிடைத்தது முஸ்லிம் வாக்குகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பஞ்சாபில் வென்றது இரண்டே இடம். 1945-46இல் நிலைமை தலைகீழானது. மத்தியச் சட்டமன்றத்தின் 30 முஸ்லிம் இடங்களையும் லீகே கைப்பற்றியது. லீகுக்கு ஆதரவு இல்லை என்று இனியும் சொல்ல இடமில்லைதான். ஆனால் பெரும்பாலும் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. ஹுசைன் அஹ்மத் மதனி தலைமையிலான தேவ்பந்த் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பிரிவினையை எதிர்த்தார்கள். சிந்து அரசியல் தலைவர் அல்லா பக்ஷ் சூம்ரோ 1940இல் டெல்லியில் எதிர்ப்பு மாநாட்டுக்கே தலைமை வகித்தார். பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழ்ந்த வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1946இல் வென்றதும் காங்கிரஸ்தான்.

பிரிவினை முழுக்க பிரிட்டிஷ் சூழ்ச்சி என்பது பாதி உண்மை. தனித் தொகுதிகளைத் தந்தவர்கள் அவர்கள். ஆயினும் 1946 மே மாதம் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு முன்வைத்தது ஒன்றுபட்ட இந்தியாவை. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல்தொடர்பு மட்டும் மத்தியில் இருக்கும் அத்திட்டத்தை லீக் ஜூன் 6 அன்று ஏற்றது! மாகாணங்களைக் குழுக்களாகச் சேர்ப்பது கட்டாயமா என்ற பிணக்கும், காங்கிரஸ் எந்த உடன்பாட்டுக்கும் கட்டுப்படவில்லை என்று நேரு ஜூலையில் பம்பாயில் அளித்த பேட்டியும் அதைக் குலைத்தன. ஜூலை 29இல் லீக் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. லீக் ‘நேரடி நடவடிக்கை நாள்’ என அறிவித்த ஆகஸ்ட் 16இல் கல்கத்தாவில் கலவரம் மூண்டு இரத்தம் ஓடியது.

லீகை ஆதரித்தவர்கள் எல்லோரும் எல்லை கடந்து போய்விடவும் இல்லை. சென்னை மாகாண லீகின் தலைவர் முகமது இஸ்மாயில் இந்தியாவிலேயே தங்கினார். 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது அதன் தலைவரானார்.