டில்லி இரும்புத் தூண்

டில்லியில் குதுப்மினார் அருகே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. நீளம் சுமார் 24 அடி.

அதன் அடி, பூமிக்குள் வாசுகிப் பாம்பின் தலையில் ஊன்றியிருப்பதாக ஒரு கதை. அரசன் ஒருவன் பிடுங்கிப் பார்த்தானாம். அடியில் ரத்தமாம்!

பிற்காலத்தில் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் சுமார் 3 அடிதான் இருந்தது. பாம்பைக் காணோம்.

தூணிலேயே எழுத்து இருக்கிறது. வெகுகாலம் அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாவு தாஜி போன்ற அறிஞர்கள் படித்தார்கள். சந்திரன் என்ற அரசன் விஷ்ணுபதம் என்ற மலையில் நாட்டிய கொடிமரம் இது. அவர் குப்த அரசர் இரண்டாம் சந்திரகுப்தர் என்பது பலர் கருத்து. அப்படியானால் தூணின் வயது சுமார் 1,600 ஆண்டு.

ஏன் துருப்பிடித்து அழியவில்லை? அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே மெல்லிய தோல் படிந்து காக்கிறது. அதிர்ஷ்டம் என்று பலரும் கட்டிப்பிடித்ததில் அந்தத் தோல் தேய்ந்தது. 1997இல் சுற்றிலும் வேலி போட்டார்கள்.