பருத் தழும்பா? பர்ஸைத் திறக்கும் முன் படியுங்கள்!

வெயில், வியர்வை, உப்புக்காற்று மூன்றும் எங்கள் கீழவாஞ்சூரில் வருஷம் முழுக்க உண்டு. பரு வந்த முகத்துக்கு மூன்றுமே சோதனைதான். பரு போன பிறகும் அது விட்டுப்போன அடையாளத்துக்காக வீட்டுக்கு வீடு காசு கரைகிறது. தோழிகளே, அந்தக் காசை எங்கே பிடித்து வைக்கலாம், எங்கே தாராளமாகச் செலவழிக்கலாம் என்று பார்ப்போமா?

1. முதலில், இருப்பது கறையா பள்ளமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சைக் காதுப் பக்கமிருந்து கன்னத்தின் மேல் சாய்வாக அடியுங்கள். புள்ளி புள்ளியாக நிழல் விழுந்தால் பள்ளம். நிழல் விழாமல் நிறம் மட்டும் தெரிந்தால் வெறும் கறை. இனி செய்யப்போகும் செலவெல்லாம் இந்த ஒரு சோதனையை வைத்துத்தான்.

2. கறைதான் என்றால் பாதிக் கவலை விட்டது. நம் மாநிறத்துக்குப் பரு ஆறிய இடம் கறுப்பது இயல்பு. வெயில் படாமல் காத்தால் சில மாதங்களில் மங்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். பொறுமை இல்லையென்றால் அசிலாயிக் ஆசிட் கிரீம் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கறைக்கு லேசர் என்று யாராவது அவசரப்படுத்தினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

3. பள்ளத்திலும் வகை உண்டு: குறுகி ஆழமாக இறங்குவது, அடி தட்டையாக விளிம்பு செங்குத்தாக நிற்பது, அலையலையாக ஆழமில்லாமல் படர்வது. இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடிக்கும்போது மறைந்தால் அது பெரும்பாலும் மூன்றாவது. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் அதிகம், அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பலித்தது உங்களுக்கும் பலிக்க வேண்டுமென்பதில்லை.

4. எவ்வளவு மோசம் என்று பயந்து போகாதீர்கள். குட்மன், பேரன் என்ற இரு டாக்டர்கள் 2006-ல் வகுத்த அளவுகோல்படி, 50 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரியாத தழும்பு லேசானதுதான். கண்ணாடியை மூக்கில் ஒட்டிப் பார்க்காமல், அரை முழத்துக்குச் சற்றே தள்ளிப் பிடித்துப் பாருங்கள்; கண்ணாடிக்குள் முகம் அதைப்போல் இரு மடங்கு தூரத்தில் தெரியும்.

5. குறுகிய ஆழக் குழிக்கு டி.சி.ஏ. என்ற அமிலத்தைக் குழிக்குள் மட்டும் டாக்டர் தொட்டு வைப்பார். அதிலும் மசியாததைச் சின்னதாக வெட்டியெடுத்துத் தையல் போடுவார். இந்த அமிலத்தை ஆன்லைனில் வாங்கி வீட்டில் வைப்பது முகத்தைச் சுட்டுக்கொள்வதற்குச் சமம்.

6. அலைப் பள்ளத்தில் கோளாறு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. மெத்தையில் போட்ட தையல் துணியைக் கீழே இழுத்துப் பிடிப்பது மாதிரி, தோலுக்கடியில் நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, அந்த நாரை அறுத்துவிடும் சிகிச்சைக்கு சப்சிஷன் என்று பெயர். இந்த வகைக்கு மேலே எத்தனை கிரீம் தடவினாலும் வீண்தான்.

7. நுண் ஊசிகளால் குத்தும் மைக்ரோ நீடிலிங், லேசர் இரண்டும் தோலைப் புதிதாக வளரத் தூண்டுபவை. மைக்ரோ நீடிலிங்கில் செலவு குறைவு, சிவப்பும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். நம் நிறத்துக்கு லேசரில் புதுக் கறை விழும் வாய்ப்பு இதைவிட அதிகம். எதிலும் தழும்பு குறையுமே தவிர முழுக்க அழியாது. நூற்றுக்கு நூறு போகும் என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

8. வீட்டு டெர்மா ரோலர் வேண்டாம். டாக்டர் ஊசி இறக்கும் ஆழத்துக்கு அது போகாது, சுத்தமில்லாத முள்ளில் சீழ் வைப்பதுதான் மிச்சம்.

9. எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா மூன்றும் முகத்துக்கு ஆகாது. எரிந்த இடம் இன்னும் கறுக்கும். சமையலறைச் சாமான் எதுவும் பள்ளத்தை நிரப்பாது.

10. சிவப்பழகு தருமென்று கைமாறும் டியூபின் பின்பக்கத்தை அவசியம் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளபளக்கும், போகப்போகத் தோல் மெலிந்து, பருவும் கூடி, விட்டால் எரியும். 2018-லேயே மத்திய அரசு இவற்றுக்கு மருந்துச்சீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

11. பரு வந்துகொண்டிருக்கும்போதே தழும்புக்குச் செலவழிப்பது வீண், முதலில் பருவை அடக்குங்கள். டாக்டர் அடாபலின் ஜெல் எழுதிக் கொடுத்தால் ராத்திரியில் முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு போதும். அதிகம் பூசினால் எரிச்சலும் செலவும்தான். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொட வேண்டாம். மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து மலிவாக இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

12. தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழிய விடாதீர்கள். தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுங்கள், பருவைக் கிள்ளாதீர்கள்.

13. சன் ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30 போதும், அதற்கு மேல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆள்காட்டி, நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூசுங்கள். கருவாடு காயப்போடக் கடற்கரைக்குப் போகிறவர்கள் குடையை மட்டும் நம்ப வேண்டாம், மணலிலிருந்தும் வெயில் திருப்பி அடிக்கும்.

14. தாடை, தோள், மார்பில் தழும்பு தடித்து மேலெழுந்தால் அது வேறு கதை. டாக்டர் அதற்குள்ளேயே ஊசி போடுவார். சிலிக்கான் ஒட்டுத்தாளும் உதவும், அதைச் சோப்பு நீரில் அலசித் திரும்பத் திரும்ப ஒட்டலாம். காது குத்திய இடத்தில் சதை வளர்ந்தவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

15. தை முகூர்த்தமா? பள்ளத்துக்கான சிகிச்சையை ஆடியிலேயே தொடங்குங்கள். மாதம் ஒன்றாக ஐப்பசிக்குள் நாலு தடவை முடியும். புதுத் தோல் தேறி வர அதற்குப் பிறகு மூன்று மாதம் வேண்டும். மார்கழியில் லேசருக்கு ஓடினால் கல்யாண போட்டோவில் சிவப்புதான் தெரியும்.

16. எங்கள் ஊர் எல்லைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் நாகூர், இந்தப் பக்கம் காரைக்கால் என்று இருப்பதால் நமக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. காரைக்கால் அரசுப் பொதுமருத்துவமனை, ஒரத்தூரில் உள்ள நாகை அரசு மருத்துவக் கல்லூரி இரண்டிலும் தோல் டாக்டர் பார்க்கும் நாளை விசாரித்து, வசதியான இடத்துக்குப் போங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் இருக்கிறது. வெளிநோயாளர் பதிவு காலையில்தான் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இதுவரை தடவிய டியூப்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், பவுடர் பூசாமல் போங்கள்.