ஐயா குரல் ஏன் கனத்துப் போச்சு?

தம்பி தங்கைகளே, பாடிப் பதிவு செய்த பாட்டைக் கணினியில் போட்டால் குரல் கனத்து, தூக்கக் கலக்கத்தில் பாடியது போல் வரும். "மைக் சரியில்லண்ணே" என்பீர்கள். மைக் பாவம், அதை விடுங்க. முதலில் சேம்பிள் ரேட்டைப் பாருங்கள்.

டிஜிட்டல் பதிவு என்பது ஒலி அலையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எழுதி வைப்பது. இசைத் தட்டுக்கு நொடிக்கு 44,100 அளவு. வீடியோவுக்கு வழக்கம் 48,000. (44,100 விநோதமான எண்தான். 1970களில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்தார்கள். வரிக்கு 3 அளவு, அரைப்படத்துக்கு 245 வரி, நொடிக்கு 60 அரைப்படம். பெருக்கிப் பாருங்க.) எத்தனை என்று கோப்பின் தலைப்பில் ஒரு சீட்டு மாதிரி எழுதியிருக்கும். சீட்டு தப்பானால் எல்லாம் தப்பு.

48,000இல் பதிந்ததை 44,100 என்று நினைத்து ஓட்டினால், 10 நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 நொடி ஆகும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் நிற்கும். ஹார்மோனியத்தில் அதற்குக் கட்டையே கிடையாது!

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஓதுவார் ஐயா காலமான பிறகு, தேவார வகுப்புக்கு அவர் பாடிக் கொடுத்த பதிவின் நகல் கைக்குக் கை போனது. அவர் மகள் கேட்டுவிட்டு, "இது அப்பா குரல் இல்லீங்க" என்றார். அதற்குள் சில பிள்ளைகள் அந்த இழுத்த நடையிலேயே மனப்பாடம் செய்திருந்தார்கள். மூலக் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: அது 48,000, நகலின் சீட்டில் 44,100. திருத்திப் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல. "இன்னொரு தரம் போடுங்க தம்பி" என்றார்.

ஆடாசிட்டியில் இதற்கு இரண்டு வேலை உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிராக் மெனுவில் உள்ள 'ரேட்' சீட்டை மட்டும் மாற்றும், வேகமும் சுருதியும் மாறும். 'ரீசேம்பிள்' அளவுகளையே புதிதாகக் கணக்கிடும், குரல் அப்படியே இருக்கும். குரல் தப்பாகக் கேட்டால் முதலில் ரேட்டைச் சரி செய்யுங்கள். சரியாகக் கேட்ட பிறகே, தேவையானால் ரீசேம்பிள். முறையை மாற்றினால் தப்பான குரல் நிலைத்துவிடும். சுருதியை மட்டும் காதால் ஏற்றிச் சமாளிக்காதீங்க. அந்த 53 நொடி இழுவை அப்படியே இருக்கும். மூலக் கோப்பின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள், நகலில்தான் வைத்தியம்.

இன்னொரு வகைக் கோளாறு உண்டு. இரண்டு கருவியும் 48,000 என்றே காட்டும், ஆனால் அவற்றின் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதிரொலி மாதிரி இருக்கும். ஆகவே பதிவின் தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. முதல் தட்டைப் பொருத்திவிட்டு, கடைசித் தட்டைப் பாருங்கள். மணிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தள்ளியிருந்தால் சீட்டுக் கோளாறு. இம்மியளவு என்றால் கடிகாரம். ஒரு டிராக்கின் வேகத்தை அந்த அளவு மட்டும் மாற்றினால் போதும்.

புளூடூத் ஹெட்செட் மைக்கில் பாட்டு பதியவே வேண்டாம். மைக்கைத் திறந்ததும் பல ஹெட்செட்டுகள் 16,000க்கோ 8,000க்கோ இறங்கிவிடும். 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதியாது, 'ச'வும் 'ஸ'வும் மழுங்கிப் போகும். பிறகு 48,000க்கு ரீசேம்பிள் செய்தாலும் போனது வராது. வயர் உள்ள மைக்கையே கொண்டு வாங்க.