ஈரக் காற்றில் ஒரு டிராக் வண்டி

பத்து தீகாவில் 1968-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தையும், 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் நடைபெற்ற பார்முலா ஒன் பந்தயங்களையும் கண்டும் கேட்டும் வளர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளுக்கு, மோட்டார்ப் பந்தயம் என்றதும் வளைவும் திருப்பமுமே மனத்தில் எழுவது இயல்பு. கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தூரத்தை நேர்கோட்டில் கடப்பதற்கென்றே ஒரு வண்டியைச் சிருஷ்டித்து, சில விநாடிகளில் அதன் ஜன்ம சாபல்யத்தை முடித்துவிடும் டிராக் பந்தயத்தை, என்னைப் போன்றோர் ரெவல், மோனோகிராம், ஏஎம்டி முதலான அமெரிக்கக் கம்பெனிகளின் மாதிரிப் பெட்டி மூடிகளில் அச்சிட்ட வர்ணச் சித்திரங்களின் வழியாகத்தான் முதலில் அறிந்தோம். அத்தகைய பழைய கிட் ஒன்றை, 1960களின் முன்எஞ்சின் டிராக்ஸ்டர் ஒன்றின் 1/25 அளவு மாதிரியை, பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து கட்டியபோது கற்றவற்றை, அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு அதே காரியத்தில் இறங்க விரும்புவோருக்காக எழுதுகிறேன்.

சாதாரணக் கார் மாதிரியில் கதவும் கூரையும் பானட்டும் வந்து மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். இவ்வண்டியிலோ மறைப்பதற்கு உடலே கிடையாது. மெல்லிய குழாய்களால் ஆன நீண்ட சட்டகமும், அதன்மேல் திறந்தபடி நிற்கும் எஞ்சினும், பின்னால் இரண்டு பருத்த டயர்களும், முன்னால் இரண்டு ஒல்லிச் சக்கரங்களும் சேர்ந்ததே வண்டி. ஆகையால், செய்முறைத் தாள் எஞ்சினிலிருந்து தொடங்கச் சொன்னாலும், சட்டகத்திலிருந்தே தொடங்க வேண்டுமென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் இத்தகைய பெட்டிகள் எப்போதாவது கண்ணில் படும். விலை பேசுமுன் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். டயர்கள் பிளாஸ்டிக் பாகங்களோடு ஒட்டிக் கிடக்கின்றனவா, டீகால் தாள் மஞ்சளாகியிருக்கிறதா, முன்சக்கரங்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று மூன்றையும் பார்த்துவிட்டால் போதும்.

சட்டகத்துக்கு வருவோம். எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசையைப் போக்கியபின், ஒவ்வொரு குழாயையும் விளக்கின் அடியில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடுவதும், பல முறை அச்சிட்டுத் தேய்ந்த வார்ப்பாயின் அங்கங்கே படலம்போல் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்பதும் தெரியும். கத்தியின் கூர்முனையால் வெட்டாமல், அதன் முதுகை நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில் இழுத்தால், கோடு மெல்லிய சுருளாக எழுந்துவரும். பிறகு ஈரமான நயமான மணல்தாளைக் குழாயைச் சுற்றி வளைத்துத் தேய்த்தால்தான் உருண்டை வடிவம் நிலைக்கும், தட்டையாகத் தேய்த்தால் குழாய் பட்டையாகிவிடும். நீண்ட பாகங்கள் பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்ததில் வளைந்திருக்கும். வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், சற்று நேரம் அமிழ்த்திக் கண்ணாடித் துண்டொன்றின்மேல் நிமிர்த்தி ஒட்டுநாடாவால் பிடித்துவைத்துக் குளிர விட வேண்டும். இடப் பாதியையும் வலப் பாதியையும் ஒட்டுவதும் அக்கண்ணாடியின் மேலேயே நடக்கட்டும். நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்பது அங்கேதான் நிச்சயமாகிறது.

இவ்வேலையில் நான் இருந்தபோது கிள்ளானிலிருந்து வந்திருந்த அக்காள் மகன், "மாமா, ஓட்டுறவரு ஏன் பின்சக்கரத்துக்கும் பின்னால உட்கார்றாரு?" என்று கேட்டான். மிக நல்ல கேள்வி. "தம்பி, பாரம் பூராவும் பின் டயர் மேல விழணும், அப்பத்தான் டயர் ரோட்டைப் பிடிக்கும்" என்றேன். கால்களைப் பின் அச்சின் இருபுறமும் நீட்டி, கியர்ப்பெட்டியைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு அமர்வதில் எத்தகைய அபாயம் இருந்தது என்பதை உலகம் 1970 மார்ச் 8-ஆம் தேதி கண்டது. 1964-இலேயே மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டியவராகிய டான் கார்லிட்ஸின் வண்டி, கலிபோர்னியாவில் லாங் பீச்சை அடுத்த லயன்ஸ் தடத்தில் புறப்படும்போதே கியர்ப்பெட்டி வெடித்து இரு துண்டாயிற்று. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே சிந்தித்து, எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்து வேறொரு வண்டியைக் கட்டி, 1971-இல் பமோனாவில் அதைக்கொண்டே வெற்றியும் பெற்றார். நாம் ஒட்டுகிற இச்சின்னஞ்சிறு கியர்ப்பெட்டி எங்கே அமர்கிறது, ஏன் அங்கே அமர்கிறது என்று அறிந்து ஒட்டுகிறவனுடைய கை தானாகவே நிதானப்படுகிறது.

எஞ்சினில் கிரைஸ்லர் ஹெமியின் எட்டு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் கம்பி இழுப்பதே பெரிய ஆனந்தம். பழைய டெலிபோன் வயரின் உள்ளே உள்ள மெல்லிய செம்புக் கம்பியும், 0.5 மில்லிமீட்டர் துளைக்கருவியும் போதும். 1-8-4-3-6-5-7-2 என்பது அவ்வெஞ்சின் எரியும் வரிசை. மேக்னெட்டோவிலிருந்து கம்பிகளை அவ்வரிசைப்படி பிரித்துவிட்டால், விஷயம் அறிந்தவர் பார்த்தவுடனே மகிழ்வார். குரோம் பூசிய பாகங்களில் பசை பிடிக்காதாகையால், ஒட்டுமிடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள். பூச்சு கறுத்தோ உரிந்தோ போயிருந்தால் வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸில் போட்டு முழுவதும் நீக்கி, வெள்ளி வர்ணம் தீட்டுவதே அழகு. குளோராக்ஸோடு வேறெந்தத் திரவத்தையும் கலக்கலாகாது.

இனி வர்ணம். இந்த விஷயத்தில்தான் அமெரிக்கச் செய்முறைத் தாள் நமக்குத் துணை செய்வதில்லை. லேக்கர் வர்ணத்தின் கரைப்பான் விரைந்து ஆவியாகையில் பரப்பைக் குளிரச் செய்கிறது. நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் அக்குளிர்ச்சியில் படிந்து, பளபளப்பாயிருக்க வேண்டிய வர்ணத்தை வெளிறச் செய்துவிடுகிறது. குளிர்ச்சியான விடியற்காலையே உகந்ததென்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். வெயில் ஏறிய பதினொரு மணிக்குப் பின்பும், மாலை இடிமழைக்கு வானம் கறுப்பதற்கு முன்பும் உள்ள நேரமே நமக்கு வாய்த்த நேரம். மழை விடாத வாரங்களில் மெதுவாக உலரும் தின்னரைக் கலந்துகொள்ளுங்கள். வெளிறிப்போன பரப்பின்மேல் அதையே லேசாகத் தூவினால் பளபளப்பு பெரும்பாலும் மீளும். புகைமூட்டம் சூழ்ந்த நாட்களில் ஸ்ப்ரேயைத் தொடாமலிருப்பதே விவேகம். காற்றில் மிதக்கும் சாம்பல் முழுவதும் ஈரமான வர்ணத்தில் வந்து அமரும். உலர்ந்ததா என்பதை விரலால் அல்ல, மூக்கால் அறியுங்கள். வர்ண வாசனை வீசும்வரை அது உலரவில்லை. வர்ணம் தீட்டிய பாகங்களைச் சிலிக்கா ஜெல் இட்ட பிஸ்கட் டின்னில் மூடிவைப்பது என் வழக்கம்.

வேறு நிறம் படாமல் மறைப்பதற்குப் பூசும் திரவத்தைத் திறந்ததும் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி உடனே விளங்கும்: அவற்றிற் பல, உறைந்துவிடாதிருக்க அம்மோனியா கலந்த பால்மரத்துப் பாலேயாகும். நம் பெற்றோர் இருட்டில் எழுந்து வெட்டிச் சேர்த்த அதே பொருள், இக்கலைக்கும் உதவுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

மஞ்சளான டீகால் தாளைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். பழைய தாள் நீரில் பட்டதும் சிதறக்கூடுமாதலால், வேண்டாத ஓர் எழுத்தை முதலில் நனைத்துப் பரீட்சித்து, சிதறினால் தாள் முழுவதின்மீதும் தெளிவான லேக்கரை மெல்லப் பூசி, உலர்ந்தபின் ஒவ்வொன்றாக வெட்டியெடுங்கள்.

கடைசியாக டயர்கள். பழைய கிட்டுகளின் டயர்கள் மிருதுவான வினைலால் ஆனவை. அதை மிருதுவாக்கும் எண்ணெய் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். நம் வெப்பத்தில் அது இன்னும் விரைவு. சக்கரத்தின் விளிம்பில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் டயரை மாட்டுங்கள்; கண்ணாடிப் பேழையில் வைக்கும்போதும் டயர்களுக்கடியில் ஒரு துண்டுத் தாளை இடுங்கள். பேழையை மேற்கு ஜன்னலுக்கு எதிரே மட்டும் வைக்க வேண்டாம்.