வீடியோ அழைப்பு சரியான அறைக்குப் போய்ச் சேர

எச்.323 கருவியிலிருந்து கூப்பிடுபவர் பெரும்பாலும் 4521 என்று அறை எண்ணை மட்டும் அழுத்துவார். எஸ்.ஐ.பி. கருவியிலோ அதே அறை, @ குறியும் டொமைன் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர சிஸ்கோ எக்ஸ்பிரஸ்வே சர்வரில் ஒரு டிரான்ஸ்ஃபார்ம் விதி, அதாவது முகவரியை மாற்றும் விதி, போதும். வகையை ரீஜெக்ஸ் என்று வைத்து, பேட்டர்ன் கட்டத்தில் ([^@]*) என எழுதுங்கள். @ இல்லாத முகவரி மட்டுமே இதில் சிக்கும். மாற்றுக் கட்டத்தில் \1, அதையொட்டி இடைவெளியின்றி @, உங்கள் டொமைன்.

பலரும் சறுக்குவது வரிசையில்தான். முன்னுரிமை எண் சிறியதாக உள்ள விதியே முதலில் பார்க்கப்படும். அது பொருந்திவிட்டால் அடுத்த டிரான்ஸ்ஃபார்மை சர்வர் தொடாது. ஆகவே, குறிப்பிட்ட எண்ணுக்கான விதிக்குச் சிறிய எண்ணும், எல்லாவற்றையும் அள்ளும் விதிக்குப் பெரிய எண்ணும் கொடுங்கள். சேமிக்கும் முன் ‘செக் பேட்டர்ன்’ கருவியில் நாலைந்து முகவரிகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

தொலைபேசி கேட்வே இணைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இணையத்திலிருந்து வரும் முன்பின் அறியாத அழைப்பு உங்கள் விதி வழியாகவே வெளிநாட்டு எண்ணுக்குத் தாவிவிடலாம். கட்டணம் உங்கள் தலையில் விழும். அந்தப் பாதையை முதலில் அடைத்துவிடுங்கள்.