கலைக் கல்லூரியில் நிதியியல்

பத்தாம் வகுப்பு மாணவியரான எங்களை இந்த ஆண்டு காண்போரெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றே: "எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" கணிதம், உயிரியல் என்றால் கேட்டவர் முகம் மலர்கிறது. வணிகவியல் என்றாலோ, "ஏன், மார்க் வராது என்று பயமா?" என்று அடுத்த கேள்வி பிறக்கிறது. ஆகவே வணிகவியலில் நாட்டமுள்ள நாங்கள் சிலர் கூடி, கலை அறிவியல் கல்லூரியில் நிதியியல் பயில்வது எத்தகையது என்று கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நிதியியல் என்பது பணத்தை எண்ணும் கலை அன்று. பணத்தையும் காலத்தையும் சேர்த்து எண்ணும் கலை. கூட்டுவட்டிக் கணக்கை நாம் எல்லோரும் போட்டிருக்கிறோம். ரூ.10,000-ஐ ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டியில் இட்டால், ஐந்து ஆண்டில் ரூ.14,693 ஆகும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தோழியரே! ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் தரப்போகும் ரூ.10,000, இன்று கையிலுள்ள ஏறக்குறைய ரூ.6,806-க்குத்தான் சமம். இதனை 'இன்றைய மதிப்பு' என்பர். அம்மா கட்டும் சீட்டு, நகைக் கடன், வீட்டுக் கடன், காப்பீட்டுத் தவணை, அரசின் கடன் பத்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு கணக்கே. அத்துடன் "தருவேன் என்றவர் தராமற்போனால்?" என்ற கேள்வியையும் சேர்த்துவிட்டால் நிதியியலின் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம் எனலாம்.

ஆனால் இந்த இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் புத்தகம் மட்டும் விடை தராது. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளையர் நிறுவனம் பல காலம் கொடிகட்டிப் பறந்தது. அதன் பெயரை நம்பி ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை அங்கே போட்டு வைத்தனர். லண்டனிலிருந்த கூட்டாளி ஊக வாணிபத்தில் பணத்தை இழக்க, 1906 அக்டோபரில் கம்பெனி வீழ்ந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்த இடியிலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. பணம் போட்டவர்களுக்கு வட்டிக் கணக்கு தெரியாமலா இருந்தது? பெரிய பெயரைக் கண்டதும் கேள்வி கேட்க மறந்தனர். இது வரலாறும் மனித இயல்பும் கற்பிக்கும் பாடம். கலைக் கல்லூரியில் நிதியியலுக்கு இடம் இருப்பது இதனால்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்று உள்ளவற்றில் பல, நிதியியலைத் தனிப் பட்டமாகத் தருவதில்லை. பொருளாதாரத்தின் வழியே கற்பிக்கின்றன. நம் நாட்டிலோ அது பி.காம். பட்டத்துக்குள் வருகிறது. மொழிப்பாடம், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்று சென்னைப் பல்கலைக்கழக முறை அமைந்திருக்கிறது. "கணக்குப் படிக்கப் போன பெண்ணுக்குத் தமிழ் எதற்கு?" என்று கேட்பவர்கள், கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் உள்ளதை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்!

நம் செம்பாக்கத்துக்கு அருகிலேயே தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1937-ல் அது நகரத்திலிருந்து இங்கு வந்தது. நகரத்தில் இருந்த காலத்தில் அங்கே பயின்ற ஆர். கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பரில் சமர்ப்பித்தார். பின்னர் நிதியமைச்சரான டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் அக்கல்லூரி மாணவரே. தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்த இந்திரா நூயி, தாம்பரத்தில் எடுத்தது வேதியியல்! கல்லூரிப் பெண்கள் அணியில் கிரிக்கெட்டும் ஆடினார். பிறகு கல்கத்தாவில் மேலாண்மை பயின்று, 2001-ல் பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரியும், 2006-ல் தலைமைச் செயல் அதிகாரியும் ஆனார். 2013-ல் பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா, கல்கத்தா கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். 2019-ல் நிதியமைச்சரான நிர்மலா சீதாராமன், திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர்.

நம் செம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். கரையோர மனைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை உண்டு. ஏரிக்கு என்ன விலை? நீர் தேங்கும் தாழ்வான இடத்தை மனையாக விற்றால், விற்றவர் கணக்கில் அது வரவு. 2015 டிசம்பர் மழையைப் போல் ஒன்று வந்தால், வீடு மூழ்கியவர் கணக்கில் அது செலவு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதத் தெரிந்த நிதியியலார் வேண்டும். அவருக்குக் கொஞ்சம் தாவரவியலும் சமூகவியலும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

"பி.காம். படித்தால் வேலை?" என்று கவலைப்படும் அப்பாக்களுக்கு ஒரு செய்தி. வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதமும், பிற பட்டதாரிகள் 60 சதவீதமும் பெற்றிருந்தால், பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வை எழுதாமலே இடைநிலைக்குச் செல்லலாம். தேர்வு கடினமானதுதான், அதை மறைப்பதற்கில்லை.

பிளஸ் ஒன்னில் சேரும் தோழியர் ஒன்றைக் கவனிக்கவும். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு நான்காவது பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் கிடைக்கும் பள்ளியானால், கணிதம் கசக்கிறது என்று அதை விட்டுவிடாதீர்கள். இன்றைய மதிப்புக் கணக்கு அங்கேதான் மீண்டும் வருகிறது.