நஃப்ஸ் என்னும் சொல்லும் காரணம் அறியாத் துயரும்: அபூ ஸைத் அல்-பல்கியின் உளநலச் சிந்தனை

தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் சமயச் சொற்பொழிவுகளிலும் 'நஃப்ஸ்' என்பது பெரும்பாலும் அடக்கப்படவேண்டிய இச்சை என்ற பொருளிலேயே வழங்குகிறது. அரபியில் அச்சொல்லின் பொருட்பரப்பு பெரிது. ஒவ்வொரு நஃப்ஸும் இறப்பைச் சுவைக்கும் எனக் குர்ஆன் (3:185) கூறுமிடத்து அது உயிரையே குறிக்கும். தீமைக்குத் தூண்டும் நஃப்ஸ் (12:53), தன்னையே இடித்துரைக்கும் நஃப்ஸ் (75:2), அமைதியுற்ற நஃப்ஸ் (89:27) என்னும் மூன்று நிலைகளும் அதில் பேசப்படுகின்றன. முதல் நிலையே சொல்லின் முழுப்பொருள் ஆகிவிடின், மனத்துன்பம் யாவும் இறைநம்பிக்கையின் தளர்வாகவே கருதப்படும். நோயுற்றவர் நோயோடு பழியையும் சுமக்க நேரும்.

இப்பொருட்குறுக்கத்திற்கு மாறான சான்று பல்குப் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கியின் (இறப்பு 934) 'மஸாலிஹ் அல்-அப்தான் வல்-அன்ஃபுஸ்' என்னும் நூல். அதன் முற்பகுதி உடல்நலத்தையும் பிற்பகுதி உளநலத்தையும் பேசுகின்றன. மனிதன் உடலும் நஃப்ஸும் பின்னிப் பிணைந்தவன். ஒன்றன் நோய் மற்றொன்றைத் தாக்கும். ஆயினும் மருத்துவர்கள் உள்ளத்தை உரியவாறு கருதவில்லை என்பது அவரது குறை. சினம், அச்சம், துயரம், ஓயாது அலைக்கும் தீய எண்ணங்கள் ஆகியவற்றை அவர் தனித்தனியே ஆராய்கிறார்.

துயரம் பற்றிய பகுதி சிறப்பாக நோக்கத்தக்கது. இழப்பு முதலிய காரணம் அறிந்த துயரம் ஒன்று. காரணம் அறியாத் துயரம் மற்றொன்று. முன்னதற்கு அறிவுரையும் சிந்தனைப் பயிற்சியும் துணையாகும். பின்னது குருதியின் கேட்டால், அதாவது உடலால், விளைவது. எனவே உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்கிறார். குருதி பற்றிய அவரது விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. அவரை இக்கால உளமருத்துவத்தின் முன்னோடி எனப் புகழ்வோர் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆனால் காரணமின்றித் துயருறுவோனிடம் அவர் பாவத்தைத் தேடவில்லை. இவ்வணுகுமுறையே இங்கு முதன்மையானது. உடல்நோய்க்கு மருந்தை முன்னரே சேமித்து வைப்பதுபோல், மனம் அமைதியாயிருக்கும்போதே நல்லெண்ணங்களைத் திரட்டி வைக்குமாறும் அவர் கூறுகிறார்.

நூற்பெயரிலுள்ள 'அன்ஃபுஸ்' என்பது நஃப்ஸின் பன்மை. வழக்கிலுள்ள பொருளைக் கொண்டு அதனைத் தமிழாக்கினால் 'உடல்கள், இச்சைகள் ஆகியவற்றின் நலன்கள்' என்றாகி, நூலின் நோக்கமே தலைகீழாகிவிடும். 'உள்ளங்கள்' என்பதே இங்குப் பொருந்தும்.